பிரிக்கப்படாத பெட்டிகள்

பொம்மைக் கார்களுக்கும் வரலாறு உண்டா என்று நாம் வியக்கக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1948இல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனத்தின் கதை அதற்கு விடை தருகிறது.

'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கமே அப்பெயர். முதலில் அலுமினியத்திலும் பின்னர் பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்பட்ட அதன் சிறு கார்கள் அடிப்படையில் விளம்பரப் பொருட்களே. டிட்ராய்ட் நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதுக் கார்களை வெளியிட, அவற்றின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிலான நகல்கள் விற்பனையகங்கள் வழியே வீடுகளுக்குச் சென்றன. தந்தைக்குக் கார், மகனுக்கு அதன் நகல். அந்நகலில் மகன் செய்வதற்கு ஏதுமில்லை.

1958இல் அக்கார்கள் உதிரிப் பாகங்களாகப் பெட்டிக்குள் வந்தன. ஆலையில் உருவானது, ரசனைக்கேற்ப மாற்றியது, பந்தயத்துக்குரியது என ஒரே பெட்டியிலிருந்து மூன்றில் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். பின்னாளில் பீட்டர்பில்ட் போன்ற பெரும் லாரிகளும் இவ்வரிசையில் சேர்ந்தன. விற்பனைக்கெனப் பிறந்த நகலைத் திருத்தும் உரிமை சிறுவன் கைக்கு வந்தது. விரலில் பசை ஒட்டினாலும், சக்கரம் கோணினாலும் அது அவன் கட்டிய கார்.

அசல் கார்களில் பெரும்பாலானவை பழைய இரும்பாகிவிட்டன. தொடக்ககால நகல்களும் முழுமையாகத் தப்பவில்லை. அவற்றின் அசிடேட் பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கி வளைந்தது. இன்று சேகரிப்பாளர் பலர் தேடுவது பிரிக்கப்படாத பழைய பெட்டிகளை. கட்டினால் மதிப்புக் குறையும். கட்டாவிட்டால் அது காராவதே இல்லை. பக்கம் பிரிக்காத முதற்பதிப்பை அலமாரியில் பூட்டிவைப்போருக்கு இச்சங்கடம் புரியும். நூல் வாசிப்பதற்கே என்று நம்பும் நாம், இப்பெட்டிகளும் கட்டுவதற்கே என்போம்.