நோபல் பரிந்துரை ஆவணங்களும் இந்திய இயற்பியலாளர் மூவரும்

முன்னுரை

ஆய்வுப் பரிசு அறிவிக்கப்பெறும்போது உலகம் அறிவது பெறுநரின் பெயரையும் பரிசுக்கான காரணத்தையும் மட்டுமே. பரிந்துரைத்தோர் யாவர், மதிப்பிட்டோர் எவர், விலக்கப்பட்டோர் யார் என்பன வெளிப்படுவதில்லை. நோபல் பரிசைப் பொறுத்தவரை இவ்விவரங்கள் ஐம்பது ஆண்டுகள் மறைவாக வைக்கப்பெற்றுப் பின்னரே ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. இவ்வாறு வெளிவந்த செய்திகளைக் கொண்டு, சி.வி. இராமன், மேகநாத சாகா, சத்யேந்திரநாத போசு ஆகிய மூவர் மதிக்கப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பரிந்துரைக்கும் உரிமை

இயற்பியல் பரிசுக்குத் தம்மைத் தாமே பரிந்துரைத்துக்கொள்ள இயலாது. சுவீடிய அறிவியல் அகாதமி உறுப்பினர், முன்னர்ப் பரிசு பெற்றோர், வடஐரோப்பியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகியோர்க்கு இவ்வுரிமை நிலையாக உண்டு. பிறநாட்டார்க்கோ பெரும்பாலும் அகாதமியின் அழைப்பு வேண்டும். எனவே, ஐரோப்பிய அறிஞரிடையே அறிமுகம் பெறாத ஆய்வு, பரிசுக்குழுவின் பார்வைக்கே வாராது போதல் கூடும்.

இராமன்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கே.எஸ். கிருட்டிணனுடன் புதிய ஒளிச்சிதறலை உறுதிசெய்தார். அதனை விரைந்து வெளியிட்டதோடு, கட்டுரையின் படிகளைப் பலநாட்டு அறிஞர்க்கும் அனுப்பினார். 1930-இல் இரதர்போர்டு, நீல்சு போர், லூயி தெ பிராய், பெரன், வில்சன் முதலியோர் அவரைப் பரிந்துரைத்தனர். இவ்வைவரும் முன்னரே நோபல் பரிசு பெற்றோராவர். மாசுகோவில் அதே விளைவைக் கண்ட இலாண்டுசுபெர்க், மண்டெல்சுதாம் ஆகியோர்க்கு இத்தகைய ஆதரவு அமையவில்லை. பரிசு இராமன் ஒருவர்க்கே வழங்கப்பெற்றது.

சாகாவும் போசும்

விண்மீன்களின் நிறமாலையை விளக்க உதவிய சாகாவின் அயனியாக்கச் சமன்பாடு 1920-இல் வெளிவந்தது. 1930-இல் தேவேந்திர மோகன் போசும் சிசிர் குமார் மித்திராவும், 1937-இல் ஆர்தர் காம்ப்டனும் அவரைப் பரிந்துரைத்தனர். அப்பணியின் பயனைக் குழு மறுக்கவில்லை. எனினும் நோபலின் உயில் கூறும் ‘கண்டுபிடிப்பு’ என அதனை ஏற்கவில்லை. போசை 1956-இல் கேதாரேசுவர் பானர்ஜியும் 1959-இல் டி.எஸ். கோத்தாரியும் பரிந்துரைத்தனர். அவர்தம் பணியை மதிப்பிட்ட ஆசுகர் கிளைன், அது பரிசுக்குரியதன்று எனக் கருதினார். ஆயின், போசு-ஐன்சுடைன் செறிவை ஆய்வகத்தில் உருவாக்கியமைக்காக 2001-இல் மூவர் அப்பரிசைப் பெற்றனர். போசு 1974-இலேயே மறைந்துவிட்டார்.

பரிந்துரைகளின் எண்ணிக்கை மட்டுமே முடிவைத் தந்ததென்றும் கூறவியலாது. செருமானிய அறிஞர் சாமர்பெல்டு 84 முறை பரிந்துரைக்கப்பெற்றும் பரிசு பெறவில்லை. இராமனுக்கு வாய்த்தது ஆதரவு மட்டுமன்று. கண்ணாற் கண்டு மெய்ப்பிக்கத்தக்க சோதனை முடிவும் ஆகும். சாகா, போசு ஆகியோரின் பணிகள் கோட்பாட்டுப் பணிகள் என்பது இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

பரிசுத் தேர்வில் இரு வாயில்கள் உள. ஒன்று, பரிந்துரைக்கும் உரிமையுடையோரின் வட்டம். மற்றொன்று, கண்டுபிடிப்பு என்னும் சொல்லுக்குக் குழு கொள்ளும் பொருள். இராமன் இரண்டையும் கடந்தார். ஏனைய இருவரும் இரண்டாம் வாயிலில் நிறுத்தப்பட்டனர். ஆதலின், பரிசு பெறாமையை ஆய்வின் குறையாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. மதிப்பீட்டுக் குறிப்புகள் காக்கப்பெற்றதனால்தான் இவ்வுண்மை இன்று புலனாகிறது. தேர்வின் காரணங்களை எழுதிவைத்து உரிய காலத்தில் வெளியிடும் இம்மரபு, இந்திய ஆய்வுப் பரிசுகளுக்கும் வேண்டுவதாம்.