கூரைக்கு வந்த சட்டம்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் பங்குனி, சித்திரையில் பெரியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது தெரிந்திருக்கும். அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளிக்காமல் குப்பையில் கொட்ட விடமாட்டார்கள். ஒரு கூரை பற்றினால் தெருவே போய்விடும். காட்டுத்தீ என்றதும் நாம் மலையையும் மரங்களையும் நினைக்கிறோம். ஆனால் கரும்புத் தோகை, பனையோலை, மஞ்சம்புல், தென்னங்கீற்று என்று உலர்ந்த காடு ஒன்றை நம் மக்கள் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இக்காடு ஏன் இவ்வளவு விரைவில் எரிகிறது? கனத்த மரக்கட்டையைத் தீக்குச்சியால் கொளுத்த முடியாது. அதே எடையுள்ள ஓலையைக் கொளுத்திவிடலாம். மெல்லிய பொருளுக்கு எடையை நோக்கப் பரப்பு அதிகம். ஆகவே சூடு விரைவில் ஏறும், காற்றும் எல்லாப் பக்கமும் கிடைக்கும். சாய்ந்த கூரையில் மேலெழும் சூடான வாயு அடுத்த ஓலையைச் சூடாக்கிக்கொண்டே செல்லும். எதிர்வீட்டுக்குக் கதிர்வீசலால் வெப்பம் போகும். ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியின்படி அது தனிவெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. 800 டிகிரிச் சுவாலையையும் 27 டிகிரிச் சுவரையும் நீங்களே கணக்கிட்டு ஒப்பிடுங்கள்; ஏறத்தாழ 160 மடங்கு வரும்! இவ்விரண்டையும்விடப் பொல்லாதது பொறி. மேலெழும் சூடான காற்று அதைத் தூக்கிவிடும். வீசும் காற்று பத்து வீடு தாண்டி இறக்கும். இறங்கும் இடம் ஓடாக இருந்தால் பொறி அணையும். ஓலையாக இருந்தால் ஓலை இடுக்கில் புகுந்து கனியும்.

ஆகவே ஊரைக் காக்கக் கூரையை மாற்று என்ற எண்ணம் மிகப் பழையது. 1212-ஆம் ஆண்டு லண்டனில் பெருந்தீ மூண்டபின் நாணலும் வைக்கோலும் வேய்வதை நகர ஆட்சி தடுத்தது. ஏற்கெனவே இருந்த கூரைகளுக்குச் சாந்து பூசச் சொன்னது. நம் நாட்டில் கல்கத்தா குடிசைகள் தொடர்ந்து எரிந்ததால் 1837-இல் ஒரு சட்டம் வந்தது. நகருக்குள் எரியும் பொருளால் வெளிக்கூரை வேயக்கூடாது என்றது அது. ஓட்டுக்குக் காசு எங்கே என்ற கேள்விக்கு மட்டும் சட்டத்தில் விடை இல்லை.

சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதையே விரிவாகச் சொன்னது. துணி, புல், ஓலை, பாய் முதலிய எரியும் பொருள்களால் கூரையோ பந்தலோ வேலியோ அமைப்பதானால் அனுமதி பெற வேண்டும். நல்ல விதிதான். ஆனால் பெயரைப் பாருங்கள், அது நகராட்சிகளுக்கு உரியது. அன்று திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்த பெரம்பலூரும் அரியலூரும் நகராட்சிகள் அல்ல. சுற்றுக் கிராமங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

விதி இருந்த நகரங்களிலாவது அது காத்ததா? அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையான கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம், பழைய நகராட்சி. அங்கே 2004 ஜூலை 16 அன்று, பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. 1920-ஆம் ஆண்டு விதிக்கு அப்போது 84 வயது. தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தல் 1997-இல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அது ஏட்டில் இருந்தது. கும்பகோணத்திற்குப் பிறகே பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது.

கிராமத்துக் கூரையை மாற்றியது தடைவிதி அன்று, பணம். 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டுவசதித் திட்டம் சுமார் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க எண்ணியது. ஆட்சி மாறியதும் 2011-இல் பசுமை வீடு திட்டம் வந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்கிறது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல் பல ஊர்களுக்குச் சிமெண்டாகிப் போயிற்று. அங்கே அரசே ஆலை நடத்துகிறது. அதன் அருகிலிருந்த குடிசைகள் கான்கிரீட்டுக்கு இத்தனை காலம் காத்திருந்தன! இடைக்காலத்தில் பலர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டுக்கொண்டார்கள். அது எரியாது, ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கூரை மாறினாலும் எரிபொருள் தெருவை விட்டுப் போய்விடவில்லை. பெரம்பலூர் மக்காச்சோள மாவட்டம். அறுவடைக்குப் பின் தட்டையும் வைக்கோல்போரும் கொல்லையில்தான் நிற்கின்றன. காட்டுத்தீயால் ஊர்களை இழந்த கலிபோர்னியாவில், ஆபத்துள்ள பகுதிகளின் வீட்டுக்காரர் வீட்டைச் சுற்றி நூறு அடிக்கு உலர்ந்த செடிகொடிகளை அகற்ற வேண்டும். அந்த நூறடியை நம் தெருவில் அளந்தால் பக்கத்து வீடுகளெல்லாம் அதற்குள் வந்துவிடும். எனவே இங்கே இடைவெளி என்பது ஒரு வீட்டுக்காரர் தனியே செய்யக்கூடியதன்று. போர் போட ஊருக்கு வெளியே, காற்று ஊர்ப்பக்கம் வீசாத திசையில், பொது இடம் வேண்டும். அதை ஒதுக்கும்படி கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஆண்டுதோறும் மே முதல் நாள் அது கூடுகிறது. சித்திரை மாதம், போர் நன்றாகக் காய்ந்திருக்கும் நேரம்.