இறுக்கத்தின் அளவு: சென்னை மோட்டார் ஷெட்டுகளின் கதை

அம்பாசடர் எஞ்சினின் பக்கவாட்டில், கையை நுழைத்தால் மணிக்கட்டு உரசும் இடத்தில், இரண்டு குழாய்த் தொகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கார்புரேட்டரில் கலந்த பெட்ரோலும் காற்றும் ஒன்றின் வழியாகச் சிலிண்டருக்குள் போகும். எரிந்த புகை மற்றொன்றின் வழியாக வெளியேறும். முதலாவதுதான் இன்டேக் மேனிஃபோல்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கட். சில இடங்களில் நட்டும் ஒன்றுதான். அதன் அடியிலுள்ள தடித்த வாஷர் இரண்டு விளிம்புகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும். இந்த நட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதில்தான் அந்தக் காலத்து மெக்கானிக்கின் கைராசி தெரிந்தது.

ஆழ்வார்ப்பேட்டைக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் இருக்கும் அபிராமபுரம் போன்ற குடியிருப்புகளில் இந்தக் கைராசிக்குத் தனி மதிப்பு இருந்தது. 1960களிலும் 70களிலும் வீட்டுக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உத்தரபாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயிலிருந்து வந்த பியட், வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. வாங்கிய வண்டியை எளிதில் மாற்ற முடியாது என்பதால் ஒரே எஞ்சினைப் பலமுறை பிரித்துச் சேர்த்தே ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நட்டு ஏறும் அதே ஸ்டட்டுகள், அதே மரைகள். ஒருமுறை முரட்டுத்தனமாக இறுக்கிவிட்டால், அடுத்த முறை பிரிக்கும்போது ஸ்டட் முறிந்து கையோடு வரும்.

சென்னைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு அதற்கும் மிகப் பழையது. மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த சிம்சன் நிறுவனம் 1840இல் தொடங்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். வண்டி கட்டும் தச்சரும் கொல்லரும் இருந்த பட்டறையில் நட்டும் ஸ்பேனரும் இப்படித்தான் அன்றாடப் பொருள்களாயின. துறைமுகத்தை வளர்த்த பிரான்சிஸ் ஸ்பிரிங், கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி போன்றவர்கள் கார் வாங்கிய காலத்தில், அவற்றைப் பழுதுபார்க்கப் புதிய தொழில் ஒன்று தேவைப்பட்டது. அதைக் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் இல்லை. பெரியவரின் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன், நாளடைவில் தானும் மெக்கானிக் ஆனான்.

அளவுகளே அவனுக்கு முதல் சோதனை. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரை அளவுகள் பழைய பிரிட்டிஷ் வண்டிகளோடு வந்திறங்கின. அந்த ஸ்பேனர்களில் பொறித்திருந்தது போல்ட்டின் விட்டம். தலையின் அகலம் அல்ல. 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரை முறைக்கு ஒத்துக்கொண்ட பிறகு வந்த எஞ்சின்களுக்கு, தலையின் அகலத்தைக் குறிக்கும் ஸ்பேனர்கள் வேண்டியிருந்தன. பிறகு மில்லிமீட்டர் வந்தது. மூன்று குடும்பத்து ஸ்பேனர்களும் ஒரே மரப்பெட்டியில் கிடந்தன. ஏறக்குறையப் பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். அதன்பின் அதைச் சரியாக இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

மேனிஃபோல்டு விஷயத்தில் கோளாறு தெரிந்துவிடும், ஆனால் காரணம் எளிதில் பிடிபடாது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் ஏற்படும் வெற்றிடம், பாதரச அளவில் ஏறத்தாழ 18 முதல் 20 அங்குலம் இருக்கும். அந்த இழுப்பில், கேஸ்கட்டில் மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். கார்புரேட்டர் அளந்து கொடுத்த பெட்ரோலுக்கு அளக்காத காற்று கூடுதலாகச் சேரும். கலவை மெலியும், எஞ்சின் நடுங்கும், சிக்னலில் நின்றால் அணைந்துபோகும். உரிமையாளர் கார்புரேட்டரைக் குறை சொல்வார். பிளக்கை மாற்றச் சொல்வார். அனுபவசாலி மெக்கானிக் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இணைப்பின் ஓரமாக நகர்த்திச் சீறல் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. பெட்ரோல் துளியைத் தெளித்து எஞ்சின் வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கமும் இருந்தது. சூடான புகைக்குழாய் அருகிலேயே இருப்பதால் அது நெருப்போடு விளையாடுகிற வேலை.

இதற்கு மருந்து பலம் அல்ல, வரிசை. எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் திருகி உட்கார வைக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றுகளாக ஏற்ற வேண்டும். ஓரங்களை முதலில் இறுக்கிவிட்டால் நடுவில் உள்ள நெளிவு அங்கேயே சிறைப்பட்டுவிடும். பிறகு நடு நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கேஸ்கட் சமமாகப் படியாது. அம்பாசடர் போன்ற எஞ்சினில் இன்னொரு கவனமும் வேண்டும். இரண்டு விளிம்புகளின் தடிமனும் சமமாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து, ஒன்றை நசுக்கி மற்றொன்றைத் தளரவிடும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில், பழைய வண்டியிலிருந்து கழற்றிய மேனிஃபோல்டை வாங்கி வந்து மாட்டும்போது இந்த ஆபத்து அதிகம். கல்நார் கலந்த பழைய கேஸ்கட்டுகள் சூட்டில் அமுங்குவதால், சில நாள் ஓட்டிய பின் வண்டியை ஆறவிட்டு மறுபடி ஒரு சுற்று இறுக்கினார்கள்.

எவ்வளவு இறுக்கம் என்ற கேள்விக்கு, கை பழகிய வரைக்கும் என்பதே நெடுங்காலம் பதிலாக இருந்தது. அந்தக் கை சாமானியமானதல்ல. மரை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் கணத்தை உள்ளங்கையில் உணரும் கை. ஆனாலும் அதற்கு எல்லை உண்டு. போல்ட்டைத் திருகும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடும். மீதி ஒரு பங்குதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும். மரையில் எண்ணெய் இருந்தால் ஒரு கணக்கு, துரு இருந்தால் வேறு கணக்கு. ஒரே மாதிரி அழுத்தியதாகக் கை நினைத்த இரண்டு போல்ட்டுகள் உண்மையில் வெவ்வேறு இறுக்கத்தில் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கார்த் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. நியூயார்க் நகரத்தின் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார், நிலத்தடிக் குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை அளவுக்கு மேல் இறுக்காமலிருக்க 1918இல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை உருவாக்கினார். தளர்ந்தாலும் ஒழுகும், முறுக்கினாலும் முறியும் என்ற அதே கவலை எஞ்சினுக்கும் இருந்ததால் கருவி மோட்டார் பட்டறைக்குள் நுழைந்தது. சென்னையில் அது முதலில் பெரிய ஒர்க்‌ஷாப்புகளிலும் தொழிற்சாலைகளிலும்தான் புழங்கியது. தெருவோர ஷெட்டுகளுக்கு அதன் விலை எட்டவில்லை.

போல்ட்டும் இதற்குள் மாறியிருந்தது. 1966இல் சென்னையின் பாடி பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், உயர்தர போல்ட்டுகளை உள்ளூரிலேயே செய்தது. இத்தனை பலம் தாங்கும் என்று வகைப்படுத்தப்பட்ட போல்ட் கிடைத்த பிறகுதான், இத்தனை இறுக்கம் என்று எண்ணால் சொல்வதற்கு அர்த்தம் ஏற்பட்டது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 பழைய கைகளுக்குக் கடினமான பாடம் கற்பித்தது. அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். வார்ப்பிரும்பில் பழகிய கை அதே வேகத்தில் இறுக்கினால் மரை கழன்று போல்ட்டோடு சுருளாக வரும். பிறகு வந்த பல கார்களில் மேனிஃபோல்டே கண்ணாடி இழை கலந்த நைலானாக மாறியது. அதில் கேஸ்கட்டுக்குப் பதில் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் சீல். பிளாஸ்டிக் நசுங்காமலிருக்க போல்ட் துளைகளுக்குள் உலோக வளையம். அங்கே கேட்கப்படும் இறுக்கம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். நீளமான ஸ்பேனரில் அது ஒரு கையசைவுகூட இல்லை.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ வெளிவரத் தொடங்கியது முதல் சென்னையின் புறநகரே கார்த் தொழிற்சாலைகளால் நிறைந்தது. இன்றைய அசெம்பிளி வரிசையில் மின்சார இயந்திரம் போல்ட்டை இறுக்கி, எட்டிய அளவைக் கணினியில் பதிகிறது. தெருவோர ஷெட்டிலும் இப்போது டார்க் ரெஞ்ச் எட்டாக் கனியல்ல. ஆனால் அது இறுக்கத்தை மட்டுமே அளக்கும்; எதை முதலில் தொடுவது என்று சொல்லாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு என்ற வரிசையைப் பையன் இன்னமும் பெரியவரைப் பார்த்தே கற்கிறான். இன்டேக் மேனிஃபோல்டே இல்லாத மின்சாரக் கார்கள் வரும் இந்த நாளிலும் அந்தப் பாடம் வீணாகவில்லை: பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் மூடியைப் பொருத்தும்போதும், போல்ட்டுகளைக் குறித்த வரிசையில், குறித்த அளவுக்கு, சுற்றுச் சுற்றாகத்தான் இறுக்குகிறார்கள்.