ஒரு நாக்-ஆனும் ஒரு புள்ளியும்

எப்போதும் கிரிக்கெட்தானா? இன்று ரக்பி வரலாற்றில் ஒரு பக்கம்.

2015 அக்டோபர் 18, லண்டன் ட்விக்கனம் மைதானம். உலகக் கோப்பைக் காலிறுதி. கடைசி நிமிடங்களில் ஸ்காட்லாந்து 34, ஆஸ்திரேலியா 32. கோட்டுக்கு வெளியே போன பந்தை 'லைன்அவுட்' முறையில் ஸ்காட்லாந்து உள்ளே எறிந்தது. மழையில் நனைந்த பந்து அவர்கள் வீரர் ஒருவர் மேல் பட்டு முன்னால் போனது. இதுதான் நாக்-ஆன். முன்னால் நின்ற ஜான் வெல்ஷ் அதைப் பிடித்தார். 'ஆஃப்சைடு' என்று நடுவர் கிரெய்க் ஜூபேர் பெனால்டி கொடுத்தார். பெர்னார்ட் ஃபோலி உதைத்தார். 35-34, ஆஸ்திரேலியா வென்றது.

மறுநாள் உலக ரக்பி அமைப்பே தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. இடையில் ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸ் பந்தைத் தொட்டிருந்தார். எதிரணி வீரர் வேண்டுமென்றே பந்தை ஆடிவிட்டால் ஆஃப்சைடு நீங்கிவிடும் என்பது விதி. ஆகவே முதல் நாக்-ஆனுக்காக ஆஸ்திரேலியாவுக்கு ஸ்க்ரம் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும்; நேராகக் கம்பத்துக்கு உதைக்கும் வாய்ப்பு அல்ல.

வீடியோ நடுவரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இப்படிப்பட்ட தீர்ப்புக்கு அவரைக் கேட்க அன்றைய நடைமுறையில் இடமில்லை. நடுவருக்குக் கிடைத்தது ஒரு நொடி, ஒரே கோணம்.

விடைத்தாளில் நான் தப்பாகக் கூட்டினால் உங்களுக்கு மறுகூட்டல் உண்டு. ஸ்காட்லாந்துக்கு அது இல்லை; வீடு திரும்பினார்கள். ஆனாலும் தவறை மறைக்காமல் மறுநாளே ஒப்புக்கொண்டார்களே, பிள்ளைகளே, அதை மறக்காதீர்கள்.