பதினைந்து நிமிடம் என்று தொடங்கிய சந்திப்பு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி ஒதுங்கி நின்று, "ஐயா, என் வீட்டுக்காரரிடம் இனி என்னதான் சொல்வது?" என்று கேட்டார். கெஞ்சியும் அழுதும் சண்டையிட்டும் பார்த்துவிட்டார், குடி நிற்கவில்லை. உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நானும் இத்தகைய ஒருவரின் வீட்டிற்கு வாரந்தோறும் சென்று நியாயத்தீர்ப்பைக் குறித்து நெடுநேரம் பேசியவன். முதலில் அவர் தலையசைத்துக் கேட்டார். சில மாதங்களில் என் குரல் கேட்டாலே பின்வாசல் வழியே போய்விடுவார். அந்த நினைவோடுதான் இவ்வரலாற்றை எழுதுகிறேன்.

1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பில் வில்சன் என்பவர் சேர்க்கப்பட்டார். பங்குச்சந்தைத் தொழிலில் உயர்ந்து, குடியால் வீழ்ந்தவர். ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் வழியாகக் குடியை விட்ட எபி தாட்சர் என்ற பழைய நண்பர் அவரிடம் வந்து தம் கதையைச் சொல்லியிருந்தார். மருத்துவமனையில் வில்சன் தேவனை நோக்கிக் கதறினார். அதன்பின் அவர் மதுவைத் தொடவில்லை. உடனே குடிகாரர்களைத் தேடிச் சென்று, தாம் கண்ட ஒளியைப் பிரசங்கிக்கத் தொடங்கினார். மாதங்கள் கடந்தும் கேட்டவர்களில் ஒருவரும் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நோயின் தன்மையை முதலில் எடுத்துச் சொல்லும்படி அறிவுறுத்தினார். ஒரு மருத்துவர் சுவிசேஷகனுக்குச் சொன்ன இப்புத்தியைப் போதகர்களாகிய நாங்கள் எளிதில் ஏற்பதில்லை.

1935 மே மாதம், தொழில் முயற்சி ஒன்று தோற்றுப்போன நிலையில், வில்சன் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் மேஃபிளவர் ஓட்டலில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து வால்டர் டங்ஸ் என்ற போதகரை அழைத்தார். அவர் வழியாக ஹென்ரியேட்டா சைபர்லிங் அம்மையாரையும், அம்மையார் வழியாக டாக்டர் ராபர்ட் ஸ்மித்தையும் அடைந்தார். ஸ்மித்தும் ஆக்ஸ்போர்டு குழுவின் கூட்டங்களுக்குச் சென்றுகொண்டே குடித்துவந்தவர். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், பல மணி நேரம் அமர்ந்திருந்தார். வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தான் மீண்டும் குடிக்காதிருக்க இன்னொரு குடிகாரனின் துணை வேண்டும் என்று வந்தவர், தன் வீழ்ச்சியையே சொன்னார். ஸ்மித் அதன்பின்னும் ஒருமுறை விழுந்தார். ஜூன் 10 அன்று கடைசியாகக் குடித்தார். அந்நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் தொடக்க நாளாகக் கொள்கிறது.

குடிநோயாளிகளை மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய அந்நாளில், 1939-இல் ஆக்ரன் புனித தோமா மருத்துவமனையின் அனுமதிப் பிரிவில் இருந்த சகோதரி இக்னேஷியா, ஸ்மித் அனுப்பிய ஒருவரை இரைப்பை அழற்சி நோயாளி என்று பதிவு செய்து உள்ளே சேர்த்தார். குணமாகிச் செல்பவர்களுக்கு அவர் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க முடிவு செய்தால், குடிக்கும் முன் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்பதே அவருடைய நிபந்தனை. நம் மரபில் இவ்வழக்கம் இல்லை. ஆயினும் முடிவை அம்மனிதனின் கையிலேயே விட்ட அவருடைய ஞானத்தை வியக்கிறேன்.

பின்வந்த தலைமுறை இதை மறந்தது. 1958-இல் கலிபோர்னியாவில் தோன்றிய சினனான் போன்ற அமைப்புகளில், அடிமைப்பட்டவரை வட்டமாக அமர்ந்து வசைபாடி உடைப்பதே சிகிச்சை எனப்பட்டது. 1983-இல் உளவியலாளர் வில்லியம் மில்லர், மாறவேண்டிய காரணங்களை ஆலோசகர் அடுக்காமல், நோயாளியின் வாயிலிருந்தே வரச் செய்யும் முறையை எழுதினார். பத்தாண்டுகள் கழித்து அவரும் உடன்பணியாளர்களும் செய்த ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு கடிந்துகொண்டாரோ அவ்வளவு அதிகமாக நோயாளி ஓராண்டுக்குப் பின் குடித்தது தெரியவந்தது. அதே 1983-இல் புரோசாஸ்காவும் டிகிளமெண்டியும், தாமாகப் புகையை விட முயன்ற 872 பேரை ஆராய்ந்து, மாற்றம் படிப்படியாக நிகழ்வது என்றும், மீண்டும் விழுவதும் அவ்வழியில் நேர்வது என்றும் காட்டினர். இன்னும் யோசிக்கவே தொடங்காதவனும், இரு மனதாய் நிற்பவனும், புறப்பட்டுவிட்டவனும் ஒரே வார்த்தையைக் கேட்கும் நிலையில் இல்லை.

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவனிடம் நம் ஆண்டவர் முதலில் கேட்டது, அவனுக்குச் சுகமாக விருப்பமா என்றுதான். அது எனக்கு நெடுநாள் புரியாத கேள்வி.

அச்சகோதரியிடம் புதனன்று பேசினேன். கணவர் குடிக்காதிருக்கும் காலை நேரத்தில், இந்தக் குடியில் அவருக்கு எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது என்று கேட்டு, பதில் வரும்வரை மௌனமாக இருக்கச் சொன்னேன். பல ஆண்டுகள் நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். ஆகையால் அவர் விடத் துணிந்தால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் சொன்னேன். "அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டால்?" என்றார். மறுநாள் மீண்டும் கேளுங்கள் என்றேன். இவ்வாரம் அவ்வீட்டுக்காக ஜெபியுங்கள்.