மாதவிடாய் நிற்கப் போகும் காலத்துத் தொல்லைகள்: ஹார்மோன் சிகிச்சையா, மனச்சோர்வு மாத்திரையா?

நாற்பதைக் கடந்த பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. ஒரு மாதம் முன்னதாக வரும், அடுத்த இரண்டு மாதம் வராது, வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் போகும். தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன் சில ஆண்டுகள் நீளும் தடுமாற்றக் காலத்துக்கு பெரிமெனோபாஸ் என்று பெயர். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றாக நிற்கும் சராசரி வயது 46, 47 அளவில் இருப்பதால், நாற்பதின் தொடக்கத்திலேயே இது தலைகாட்டலாம்.

இக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறது. அதன் விளைவுதான் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை பரவும் அனல், நள்ளிரவில் நனைக்கும் வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், அழுகை, மறதி எல்லாம். "உம்மாவுக்கு இப்போதெல்லாம் தொட்டதற்கெல்லாம் கோபம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கண்ணேறு, ஜின் கோளாறு என்று ஓதிப் பார்க்க அழைத்து வருகிறவர்களும் உண்டு. ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறோம்.

மருத்துவரிடம் போன பிறகும் இரண்டு பயங்கள் குறுக்கே நிற்கின்றன. ஹார்மோன் என்றால் புற்றுநோய் வரும் என்பது ஒன்று. மனச்சோர்வு மாத்திரை என்றால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், பெண்பிள்ளைகளின் சம்பந்தம் பாதிக்கும் என்பது மற்றொன்று. சீட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் தூங்காமல் கிடக்கிறார்.

புற்றுநோய்ப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனோடு செயற்கைப் புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுத்தபோது மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம் ஆகியவை கூடியதே காரணம். செய்தி உலகெங்கும் பரவியது, கணக்கு பரவவில்லை. மார்பகப் புற்றுநோயில் கூடுதல் என்பது ஓராண்டில் 10,000 பெண்களுக்கு 8 பேர். அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயதோ 63. கருப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்ற பெண்களிடம் அந்த ஆய்விலேயே மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022-இல் சொன்ன நிலைப்பாடு இது: 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டு ஆகாத, தடை ஏதும் இல்லாத பெண்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி.

ஆகவே அனலும் இரவு வியர்வையும்தான் முதன்மைத் தொல்லை என்றால், அதற்கு மிக வலுவாக வேலை செய்வது ஹார்மோன் சிகிச்சைதான். எலும்புத் தேய்மானத்தையும் அது தடுக்கும். கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே கொடுக்கக் கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாக மாறலாம் என்பதால் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். இரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பேட்ச் ஆகியவற்றில் குறைவு. இன்னொன்று, இது கருத்தடை அல்ல. பெரிமெனோபாஸில் கருத்தரிக்க வாய்ப்பு இருக்கவே செய்கிறது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் கண்டவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக ஹார்மோன் கொடுப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரைகளுக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது. வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெடின் போன்றவை மனச்சோர்வு இல்லாத பெண்ணுக்கும் அனலைக் குறைக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் குறைந்த அளவு பராக்ஸெடினை, 7.5 மில்லிகிராம், அனலுக்கென்றே அனுமதித்தது. எனவே இந்தச் சீட்டு வந்தால் பைத்தியம் என்று பொருளாகாது. ஆனால் டாமாக்சிஃபென் சாப்பிடும் புற்றுநோயாளிக்குப் பராக்ஸெடின் ஆகாது. அது டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

மனம் சம்பந்தப்பட்ட இடத்தில் கவனம் அதிகம் வேண்டும். அனலால் தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் மனம் சோர்ந்தவர் ஒரு வகை. அவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது வேரை விட்டுக் கிளையை வெட்டுவது போலத்தான். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியும் மனச்சோர்வு நோய் கண்டறியப்படாத பெண்ணின் சோர்வுக்கு இம்மாத்திரைகள் உதவும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்கிறது. முன்பே மனச்சோர்வு வந்தவர், எதிலும் பிடிப்பற்றுப் போனவர், வாழவே வேண்டாம் என்று பேசுபவர் வேறு வகை. அவருக்கு மனநல மருத்துவரும் மாத்திரையும் தாமதமின்றித் தேவை. ஹார்மோன் அதற்கு ஈடாகாது. இரண்டும் சேர்ந்தே தேவைப்படுபவர்களும் உண்டு. தைராய்டையும் இரத்தசோகையையும் முதலிலேயே சோதித்துவிட வேண்டும், இதே தொல்லைகளை அவையும் தரும்.

எங்களிடம் சகோதரிகள் மஸ்அலா கேட்கும் இடங்கள் சில. ஒழுங்கற்ற இரத்தப்போக்கில் ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் உச்ச அளவு 15 நாட்கள், ஹனஃபியில் 10. அதைத் தாண்டினால் இஸ்திஹாளா சட்டம் நுழைகிறது. பிறகு தொழுகையை விட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. முந்தைய வழக்கமான நாட்களைக் குறித்து வைத்திருந்தால் கணக்கிடுவது எளிது, அதே குறிப்பு மருத்துவருக்கும் உதவும். மாதத்தில் சில நாள் புரோஜெஸ்டிரோன் எடுக்கும் முறையில் இரத்தம் வந்தால், அதன் நாட்களைச் சொல்லி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி வந்தாலும் சட்டம் கேட்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சில ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுகின்றன. அது மனதை உறுத்தினால், தாவர மூலத்திலிருந்து செய்யப்படும் எஸ்ட்ரடயோல் கேட்டு வாங்கலாம். ரமளானில் தோலில் தடவும் ஜெல்லால் நோன்பு முறியாது. பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்தை இரவில் வைத்துக்கொள்ள வேண்டும். தினம் ஒரு மாத்திரை என்றால் இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். மனச்சோர்வு மாத்திரையை நோன்பைக் காரணம் காட்டித் திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைச்சுற்றல், பதற்றம் வரும். சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும்.