சபைக்குப் போகும் சம்பளம்: துறவற ஆசிரியர்களின் ஊதிய வரியும் ஓய்வூதியமும் (1944–2024)

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் கற்பிக்கும் அருட்சகோதரிக்கும், பக்கத்து வகுப்பில் கற்பிக்கும் குடும்பஸ்தரான ஆசிரியருக்கும் சம்பளப் பட்டியல் ஒன்றுதான். அது கல்வி அலுவலகம் வழியாகக் கருவூலத்துக்குப் போகிறது. பணம் அவரவர் பெயரில் வருகிறது. வழி பிரிவது அதன் பிறகுதான். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரியின் சம்பளம் அவருடைய துறவற சபையின் பொதுக் கணக்கில் சேர்கிறது. செருப்பு வாங்கவும் ஊருக்குப் போய்வரவும் அவர் மடத்துத் தலைவியிடம் கேட்டுத்தான் பணம் பெறுகிறார். இந்தப் பணம் யாருடைய வருமானம் என்ற கேள்விக்கு அரசு எண்பது ஆண்டுகளில் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. இரண்டு பதில்களும் மாதச் சம்பளத்தையே பார்த்தன. அந்தச் சகோதரியின் முதுமையைப் பார்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் பதில் 1944 ஜனவரியில் வந்தது. மிஷனரிகள் பெறும் கட்டணங்களைத் தங்கள் சபையிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டிருந்தால், அது அவர்களுடைய வருமானம் ஆகாது என்று மத்திய வருவாய் வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. இந்தத் தர்க்கம் வாரியத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1933-இல் பிஜய் சிங் துதுரியா வழக்கில் பிரிவி கவுன்சில் இதற்கு அடித்தளம் போட்டிருந்தது. சிற்றன்னைக்குத் தரவேண்டிய ஜீவனாம்சம் சொத்தின் மீதே பொறுப்பாக ஏற்றப்பட்டிருந்ததால், அந்தத் தொகை மகனுடைய வருமானமே அல்ல என்றது அத்தீர்ப்பு. கைக்கு வருமுன்பே வேறொருவருக்கு உரியதாகிவிட்ட பணத்துக்கு வரி இல்லை. கைக்கு வந்தபின் செலவிடும் பணத்துக்கு உண்டு. 1960-இல் சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டது. மனைவி மக்களுக்கு நீதிமன்ற ஆணைப்படி ஒருவர் பணம் கட்டினாலும், அது அவர் ஈட்டிய வருமானத்திலிருந்து செய்யும் செலவுதான் என்று தீர்ந்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் துறவியரின் விலக்கு அன்றே ஆட்டம் கண்டிருக்கவேண்டும். ஆனால் 1977 டிசம்பரில் நேரடி வரிகள் வாரியம் பழைய விலக்கை மறுபடி உறுதி செய்தது.

இதற்கிடையே ஓய்வூதியம் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. 1854-இன் வுட் அறிக்கை தொடங்கிவைத்த உதவி மானிய முறையில் தனியார் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் இல்லை. காமராசர் ஆட்சியில், 1955-இல், உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தபோது, துறவற ஆசிரியர்களும் அதன் பயனைப் பெற்றார்கள். திருச்சபைச் சட்டமும் இந்த மாற்றத்தைக் கவனித்தது. துறவி தன் உழைப்பால் ஈட்டுவது சபைக்கே சேரும் என்று மட்டும் 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பு சொன்னது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 668-ஆம் விதி ஓய்வூதியம், மானியம், காப்பீட்டுத் தொகை மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. மக்கள்நல அரசு தனிமனிதருக்குக் கொடுக்கத் தொடங்கிய ஒவ்வொன்றையும் சபை தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்று இதை வாசிக்கலாம். மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. அவர்களுடைய முதுமைக்கான ஏற்பாட்டை 281-ஆம் விதி தனியே பேசுகிறது.

2014 ஒரு வினோதமான ஆண்டு. ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சாலை விபத்தில் இறந்த மான்ட்ஃபோர்ட் சபைச் சகோதரர் ஒருவருக்காக இழப்பீடு கோரும் சட்டப் பிரதிநிதி அவருடைய சபையே என்று ஏற்றது. அவரும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர்தான். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் துறவற ஆசிரியர்களின் சம்பளத்திலும் வரியைப் பிடிக்கும்படி வருமான வரித் துறை கருவூலங்களுக்குச் சொன்னது. இறந்தபின் சபையின் ஆள், உயிரோடிருக்கையில் தனி ஆள் என்ற இந்த முரண்பாட்டைச் சபைகள் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சபைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2019 மார்ச்சில் நீதிபதிகள் வினீத் கோத்தாரி, சி.வி. கார்த்திகேயன் அமர்வு அதை மாற்றியது. அமர்வு சொன்ன காரணங்கள் இவை: சுற்றறிக்கைகள் பேசியது கட்டணத்தைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி அல்ல. சம்பளம் முதலில் ஆசிரியருக்கே சேர்கிறது. சம்பளம் கொடுப்பவர் வரியைப் பிடிக்கவேண்டும் என்னும் 192-ஆம் பிரிவு துறவிக்கு விலக்குத் தரவில்லை. திருச்சபைச் சட்டம் நாட்டின் வரிச் சட்டத்தை மீற முடியாது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

சட்டப்படி இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஊழியரின் மதத்தையோ உறுதிமொழியையோ பார்த்து வரியை நிறுத்துவது மற்ற ஆசிரியர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் வரி விதிப்புக்காக மட்டும் ஒருவரைத் தனிமனிதராக்கிவிட்டு அங்கேயே நிற்க முடியாது. வருமான வரிச் சட்டத்தில் ஓய்வூதியமும் சம்பளம்தான். ஆகவே ஓய்வு பெற்ற சகோதரியின் ஓய்வூதியமும் அவர் பெயரிலேயே கணக்காகும். அந்தப் பணமோ மடத்தில் வேறு பலரையும் காக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சமையலறையிலும் நோயாளர் அறையிலும் உழைத்த சகோதரிகளுக்குச் சம்பளப் பட்டியல் இருந்ததில்லை. அதனால் ஓய்வூதியமும் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களோ சம்பளத்தில் பத்து சதவீதம் செலுத்தும் பங்களிப்புத் திட்டத்துக்குள் வந்தார்கள். பழைய ஓய்வூதிய வரவு என்ற தூண் அதோடு மெலியத் தொடங்கியது.

அமெரிக்கா இந்த இடத்தில் வேறு பாதையில் போனது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குச் சம்பளம் இல்லாததால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் இல்லாதிருந்தது. 1972-இல் அந்நாட்டுக் காங்கிரஸ், துறவற சபைகள் விரும்பினால் தங்கள் உறுப்பினர்களை அதில் சேர்க்கலாம் என்று சட்டம் செய்தது. சபை தரும் உணவு, உறைவிடம், உடை ஆகியவற்றின் மதிப்பையே கூலியாகக் கணக்கிடலாம். மாதத்துக்குக் குறைந்தது 100 டாலர். அந்தக் கற்பனைக் கூலியின் மீது சபை வரி கட்டுகிறது. அடுப்படியில் உழைத்த சகோதரிக்கும் முதுமையில் ஓய்வூதியம் வருகிறது. அங்கே வரியும் முதுமைக் காப்பும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. இங்கே பத்தாண்டு வழக்கு நடந்தது சம்பளம் பெறும் துறவியரைப் பற்றி மட்டுமே. வரி செலுத்த ஒப்புக்கொள்ளும் சபைகள், சம்பளமில்லாத உறுப்பினர்களுக்கும் அமெரிக்கச் சட்டம் போன்ற ஓர் ஏற்பாட்டை இனி அரசிடம் கோரவேண்டும். அதற்கான நியாயத்தை 2024 தீர்ப்பே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.